எந்தக் கணினிக்குப் புது விண்டோஸ்?

காலையில் கடையைத் திறந்து, சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிவிட்டுக் கணினியைப் போட்டால், திரையை அடைத்துக்கொண்டு ஓர் அறிவிப்பு வருகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-க்கு மாறுங்கள் என்கிறது. வாடிக்கையாளர் எதிரில் நிற்கிறார், பில் போட்டாக வேண்டும். ‘பிறகு பார்க்கலாம்’ என்பதை அழுத்திவிட்டு வேலையைத் தொடங்குகிறார்கள். நாலு நாள் கழித்து மறுபடி அதே அறிவிப்பு. மருந்துக்கடை, ஜெராக்ஸ் கடை, ஆடிட்டர் அலுவலகம், பள்ளிக்கூட அலுவலகம், அச்சகம் என்று எங்கே போனாலும் இதே கதைதான். ஏற்றுக்கொண்டால் இருக்கிறதும் போய்விடுமோ என்று பயம். ஏற்காவிட்டால் வைரஸ் வந்துவிடுமோ என்று இன்னொரு பயம்.

முதலில், முடிந்தது எது என்று பார்த்துவிடலாம். 2015 ஜூலை 29-இல் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் இலவச ஆதரவை நிறுத்திக்கொண்டது. அன்றைக்கு எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. டேலி ஓடுகிறது, பிரிண்டர் ஓடுகிறது, படம் ஓடுகிறது. நின்றது ஒன்றுதான்: மாதாமாதம் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தம். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்காவில் வெளியாகி, நமக்குப் பெரும்பாலும் புதன்கிழமை வந்து சேரும் அந்தத் திருத்தத்தில், அந்த மாதம் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளுக்கெல்லாம் அடைப்பு இருக்கும். இனி விண்டோஸ் 10-இல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டை, தனியாகப் பதிவு செய்துகொள்ளாத கணினிகளில் ஓட்டையாகவே இருக்கும்.

மாதத் திருத்தம் என்பது வேறு, பதிப்பையே மாற்றுவது வேறு. இரண்டுமே ஒரே ஜன்னலில், ஒரே மாதிரிப் பொத்தானோடு வருவதால் மக்கள் இரண்டையும் ஒன்றாகப் பார்த்து, ஒன்றாகத் தள்ளிப்போடுகிறார்கள். பதிப்பு மாற்றத்தைத் தள்ளிப்போட நியாயமான காரணங்கள் இருக்கலாம். இணையத்தோடு இணைந்த ஒரு கணினியில் மாதத் திருத்தத்தைத் தள்ளிப்போட எந்த நியாயமும் கிடையாது. இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

மக்களின் பயத்தைக் குறை சொல்ல முடியாது. அதை வளர்த்ததில் அந்த நிறுவனத்துக்கே பெரிய பங்கு உண்டு. விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு 2015-இல் ஓராண்டு இலவசமாக விண்டோஸ் 10 தந்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் கெடு நெருங்க நெருங்க, கேட்ட விதம் மாறியது. 2016 மே மாத வாக்கில், மேம்பாட்டுக்கு ஒரு நாளும் நேரமும் அவர்களே குறித்து ஒரு பெட்டியைக் காட்டினார்கள். மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தி அந்தப் பெட்டியை மூடினால், குறித்த நேரத்துக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. இருபது வருடமாக ‘வேண்டாம்’ என்ற அர்த்தத்திலேயே எல்லோரும் அழுத்திவந்த குறி அது. கலிஃபோர்னியாவில் பயண ஏற்பாட்டுத் தொழில் நடத்திய ஒரு பெண்மணி, தான் ஒப்புக்கொள்ளாமலே தன் அலுவலகக் கணினியில் விண்டோஸ் 10 ஏறி வேலை முடங்கியது என்று வழக்குப் போட்டு, 10,000 டாலர் தீர்ப்பு பெற்றார். தவறு செய்ததாக மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மேல்முறையீட்டைக் கைவிட்டுப் பணத்தைக் கட்டியது.

2018 அக்டோபரில் நடந்தது இதைவிடக் கொடுமை. அந்த மாதம் 2-ஆம் தேதி வெளியான விண்டோஸ் 10-இன் அரையாண்டு மேம்பாடு, சிலருடைய கோப்புகளையே அழித்தது. ‘டாக்குமென்ட்ஸ்’ கோப்புறையை டி டிரைவுக்கு மாற்றி வைத்துக்கொள்வது நம் ஊரிலும் வழக்கம்தான், சி டிரைவ் நிரம்பாமல் இருக்குமே என்று. அப்படி மாற்றியவர்களில் சிலருக்குப் பழைய இடத்தில் இன்னும் கோப்புகள் கிடந்தன. பழைய கோப்புறை இனி தேவையில்லை என்று மேம்பாடு அதை அப்படியே நீக்கிவிட்டது. புகார்கள் குவிந்து, நான்கே நாளில் வெளியீட்டை நிறுத்தினார்கள். சரிசெய்து மறுபடி வெளியிட நவம்பர் 13 ஆனது. முதல் நாளே ஓடிப்போய் ஏற்றிக்கொண்டவர்கள்தான் அடிபட்டார்கள். ஒரு மாதம் பொறுத்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்படியானால் பழையதிலேயே இருந்துவிடலாமா? அதற்கான பதில் 2017 மே 12, வெள்ளிக்கிழமை கிடைத்தது. வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் அன்று உலகெங்கும் பரவியது. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. கணினிகள் தமக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் பழைய வழியில் இருந்த ஓட்டை வழியாக, ஒரு கணினியிலிருந்து பக்கத்துக் கணினிக்கு அது தானே தாவியது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பூட்டப்பட்டன. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளை நடத்தும் 236 அமைப்புகளில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் முன்பதிவுகள் ரத்தாயின. பக்கத்துக் கேரளத்தில் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளில்கூடப் பணம் கேட்கும் அதன் சிவப்புப் பெட்டி வந்து நின்றது.

அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அன்றைக்கு அந்தப் பதிப்புக்கு ஆதரவு இருந்தது, திருத்தமும் இலவசமாகக் கிடைத்தது. இரண்டு மாதமாக யாரும் அதை ஏற்றவில்லை, அவ்வளவுதான். ஆதரவு இருந்தும் திருத்தத்தை ஏற்றாத கணினிக்கே இந்தக் கதி என்றால், திருத்தமே வராத கணினியின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

இதற்குப் பிறகும் பெரிய நிறுவனங்கள் ஒரே நாளில் மாறிவிடவில்லை. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியே ஆதரவு முடிந்திருந்தும், நம் நாட்டு ஏடிஎம்களில் அது நாலு வருடம் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி கெடு விதித்தது. செப்டம்பருக்குள் கால்வாசி, டிசம்பருக்குள் பாதி, மார்ச்சுக்குள் முக்கால், 2019 ஜூனுக்குள் முழுவதும் என்று படிப்படியாக மாற்றச் சொன்னது. தாமதமான உத்தரவுதான். ஆனாலும் முறை சரியானது. பத்துக் கணினி வைத்திருக்கும் ஓர் அலுவலகமும் இதே மாதிரி, ஒன்றில் ஏற்றிப் பார்த்து, இரண்டு வாரம் வேலை செய்துவிட்டு, அடுத்ததற்குப் போகலாம்.

இந்த முறை ஒரு புதுச் சிக்கல், பலருக்கு ஏற்றுக்கொள்ள விருப்பம் இருந்தும் வழி இல்லை என்பது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி இடம் போதும். ஆனால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை முதல் இருக்க வேண்டும். டிபிஎம் வீண் என்று சொல்ல மாட்டேன். வட்டைப் பூட்டும் சாவியை அது தனியே வைத்துக் காக்கிறது. லேப்டாப் திருடு போனாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. என் கோபம் செயலிப் பட்டியலின் மேல்தான். நாலு கோர், 16 ஜிபி நினைவகத்தோடு இன்றைக்கும் சுறுசுறுப்பாக ஓடும் ஏழாம் தலைமுறை ஐ7 கணினிக்கு இடமில்லை. ஆனால் அதே தலைமுறையில் மிகச் சில செயலிகளுக்கு மட்டும் பின்னால் அனுமதி கிடைத்தது. அவற்றில் ஒன்று, மைக்ரோசாஃப்ட் தானே தயாரித்து விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2 கணினியில் இருந்த செயலி. பாதுகாப்பு மட்டுமே காரணம் என்றால் கோடு இப்படி வளைந்திருக்காது. இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுபோகும் கணினிகளில் சுமார் 24 கோடி குப்பைக்குப் போகக்கூடும் என்று கேனலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023-இன் இறுதியில் மதிப்பிட்டது. ஓடுகிற பொருளைக் குப்பையில் போடச் சொல்லும் எந்த முடிவையும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால், தடையைத் தாண்டி ஏற்றித் தருகிறோம் என்பார்கள். ரூஃபஸ் போன்ற கருவிகளால் அது முடியும். ஏறியும் விடும். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. 2024-இல் வந்த 24எச்2 பதிப்பு, கோர் 2 டுவோ காலத்துச் செயலிகளில் கிளம்பவே கிளம்பாது. சும்மா படம் பார்க்கும் கணினிக்கு இதைச் செய்துகொள்ளலாம். வங்கிக் கணக்கு திறக்கும் கணினியில் செய்யாதீர்கள். அதைவிட ஆபத்து, காசு கொடுத்து வாங்காத விண்டோஸுக்கு ‘ஆக்டிவேட்டர்’ போட்டுத் தருவது. எங்கிருந்தோ இறக்கிய நிரலுக்கு, வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டு, முழு அதிகாரம் கொடுக்கிற வேலை அது.

ஐப்பசியில் சிவகாசியில் ஒரு சிறிய ஆஃப்செட் அச்சகத்துக்குப் போயிருந்தேன். ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வந்ததிலிருந்து ஆர்டர் பிடித்து, தீபாவளி முடிந்த கையோடு அச்சு வேலை உச்சத்துக்குப் போகும் ஊர் அது. உள்ளே மூன்று கணினிகள். ஒன்றில் டிசைன். இன்னொன்று, கணினியிலிருந்து நேரே பிளேட் எடுக்கும் எந்திரத்தோடு பிணைந்தது. அதன் மென்பொருள் திறக்க வேண்டுமானால் பின்னால் டாங்கிள் செருகியிருக்க வேண்டும், விண்டோஸ் 7-இல் ஓடுகிறது. மூன்றாவது பில்லிங். பழைய ஃபாக்ஸ்புரோவில் யாரோ எழுதிக்கொடுத்த கணக்கு, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் சரசரவென்று பில் ஓடுகிறது. சர்வீஸ் பார்க்க வந்திருந்த ஓர் இளைஞர், அச்சக உரிமையாளரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“டிசைன் சிஸ்டம் எய்ட்த் ஜென்தான் அண்ணாச்சி. அதுக்கு லெவன் ஏத்திரலாம்.”

“பில்லிங்கு?”

“அதுல கை வைக்கக் கூடாது. லெவன்ல முப்பத்திரெண்டு பிட்டே கிடையாது. உங்க ஃபாக்ஸ்புரோ தொறக்கவே செய்யாது.”

“அப்ப பிளேட்டு சிஸ்டம்?”

“அத நெட்டுலருந்து கழட்டி விட்ருங்க. அப்புறம் அது செவனா இருந்தா என்ன? பென்டிரைவ மட்டும் ஸ்கேன் பண்ணிட்டுப் போடச் சொல்லுங்க.”

“எதுனாலும் தை பொறக்கட்டும் தம்பி. இப்ப ஒரு நாள் நின்னாலும் தாங்காது.”

நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அந்த இளைஞர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். ஒரே கூரையின் கீழ் மூன்று கணினி, மூன்று பதில். முடிவு கணினியின் வயதைப் பார்த்து வருவதில்லை. அதில் என்ன வேலை ஓடுகிறது, அது வெளியுலகத்தோடு எப்படித் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதைப் பார்த்தே வருகிறது. டிசைன் கணினிக்கு வாடிக்கையாளர்கள் மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் கோப்பு அனுப்புகிறார்கள். அது தினமும் ஊரார் கைபடும் கணினி. அதற்குத் திருத்தம் வந்தே ஆக வேண்டும், செயலியும் தகுதியானது. ஏற்றுவதைத் தவிர வேறு யோசனை தேவையில்லை. பிளேட் கணினியில் புதிது ஏற்றினால் டாங்கிளுக்கு டிரைவர் கிடைக்காமல் லட்சக்கணக்கில் வாங்கிய எந்திரம் நின்றுபோகலாம். அதைத் தனிமையில் வைப்பதுதான் பாதுகாப்பு.

பில்லிங் கணினிதான் சிக்கலானது. பதினாறு பிட் காலத்து டாஸ் நிரல்களை நேரடியாக ஓட்டக்கூடிய கடைசி விண்டோஸ், விண்டோஸ் 10-இன் 32 பிட் பதிப்பு. 11-இல் 64 பிட் மட்டும்தான். டாஸ்பாக்ஸ் போன்ற மென்பொருளுக்குள் வைத்து ஓட்டலாம். ஆனால் பிரிண்டரை அதோடு பேச வைப்பது தனி வேலை. அந்தக் கணினியில் பில் மட்டும் ஓடினால் பரவாயில்லை. ஜிஎஸ்டி தளமும் வங்கித் தளமும் அதிலேயே திறக்கின்றன என்றால் இன்றைக்கே பிரிக்க வேண்டும். கணக்கு ஒரு கணினியில், இணையம் இன்னொன்றில். ஃபாக்ஸ்புரோவின் டிபிஎஃப் கோப்புகளை லிப்ரே ஆஃபிஸ் திறக்கும் என்பதால், வருடக்கணக்கான கணக்கு அந்தப் பெட்டிக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்க வேண்டியதில்லை.

பழைய தமிழ் எழுத்துருக்களை வைத்துத் தொழில் செய்பவர்களின் கவலையும் இதே இனம். எழுத்துருக் கோப்பு விண்டோஸ் 11-இலும் வேலை செய்யும். தகராறு வருவது அதற்கான விசைப்பலகை மென்பொருளிலும், பூட்டுக்கான டாங்கிளிலும், 2001-இல் வந்த பேஜ்மேக்கர் 7 போன்ற மென்பொருளிலும். பேஜ்மேக்கரைப் புது விண்டோஸில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கோளாறு வந்தால் கேட்க ஆளில்லை. பழைய கோப்புகளைத் திறக்க ஒரு பழைய கணினியை இணையமில்லாமல் வைத்துக்கொண்டு, புது வேலைகளை யூனிகோடில் செய்வதே நல்லது. யூனிகோடைத் தமிழக அரசு தன் தரமாக அறிவித்து 2010-லிருந்து பல வருடம் ஓடிவிட்டது. தமிழ் 99 விசைப்பலகையும் இப்போது விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது.

தகுதியில்லாத கணினி, ஆனால் இணையம் வேண்டும் என்றால்? ஓர் ஆண்டுக்கு இடைக்கால வழி இருக்கிறது. விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பு வைத்திருப்பவர்கள், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போய், நீட்டித்த பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பதிவு செய்யலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைத்தால் காசு கிடையாது. இல்லையென்றால் 30 டாலர் அளவுக்குக் கட்டணம். வீட்டுக் கணினிகளுக்கான இந்த ஏற்பாடு 2026 அக்டோபர் 13 வரை. நிறுவனங்களுக்கு முதல் ஆண்டு ஒரு கணினிக்கு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டு இரட்டிப்பு, அதிகபட்சம் மூன்று ஆண்டு. இந்த இலவச வழியைப் பற்றி நம் ஊரில் பலருக்குத் தெரியவே இல்லை. கணினி மாற்ற வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதும் தவணைக்கு லேப்டாப் எடுத்த குடும்பங்கள் உண்டு.

வீட்டில் பிள்ளை படிக்க, யூடியூப் பார்க்க, மின்னஞ்சல் அனுப்ப மட்டும் இருக்கும் பழைய கணினிக்கு நான் லினக்ஸைத்தான் சொல்வேன். லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைப் பென்டிரைவில் போட்டு, வட்டைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை எடுக்கிறதா, ஒலி வருகிறதா, பிரிண்டர் தெரிகிறதா என்று அங்கேயே சோதித்துக்கொள்ளலாம். இது நமக்குப் புதிதும் அல்ல. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் 2000-களின் பிற்பகுதியிலேயே தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பெரும்பாலான வீடுகளில் அதைத் திறந்து பார்த்தவர் இல்லை என்பது வருத்தம். கேரள அரசுப் பள்ளிகளில் ஒரு தலைமுறையே லினக்ஸில் கணினி கற்று வளர்ந்துவிட்டது. தொழிலுக்கு என்றால் இப்படி எளிதாகச் சொல்ல முடியாது. டேலி லினக்ஸில் நேரடியாக ஓடாது, டிஜிட்டல் கையொப்ப டோக்கனை எடுக்க வைப்பது பெரும்பாடு.

ஏற்றுவது என்று முடிவெடுத்துவிட்டீர்கள் என்றால், கோப்புகளை வெளி வட்டில் எடுத்து வைத்து, அந்த வட்டை வேறொரு கணினியில் செருகி, நாலு கோப்பாவது திறக்கிறதா என்று பாருங்கள். நகல் எடுத்தோம் என்று நம்பிக்கொண்டிருந்து, வேண்டியபோது திறக்காமல் போன கதைகளைச் சர்வீஸ் கடைக்காரர்களிடம் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள். ‘உங்கள் கணினி தகுதியற்றது’ என்று வந்தால் உடனே நம்பிவிட வேண்டாம். பல கணினிகளில் டிபிஎம் உள்ளே இருந்தும் பயாஸில் அணைந்து கிடக்கும். இன்டெல்லில் அதற்குப் பிடிடி என்று பெயர், ஏஎம்டியில் எஃப்டிபிஎம். ஹார்டு டிஸ்க்கில் ஓடும் கணினி என்றால் முதலில் எஸ்எஸ்டி போடுங்கள். ‘லெவன் ஏற்றியதும் ஸ்லோ ஆகிவிட்டது’ என்ற புகாரில் பாதி, பழைய வட்டின் குற்றம். பழைய மென்பொருள்கள் எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே ஓட்டிப் பாருங்கள், ஏனென்றால் பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதி பத்து நாள்தான் இருக்கும். புதிதாக ஃபார்மேட் போட்டு 24எச்2 ஏற்றி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கணினிகளில் வட்டு தானாகவே பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்கில்தான் இருக்கும். சர்வீஸ் கடைக்காரர் தன் வசதிக்காக ஏதோ ஒரு கணக்கில் நுழைந்து கொடுத்துவிட்டால், சாவி அவரிடம், பூட்டு உங்களிடம். கணக்கு உங்கள் பெயரில்தானா என்று அன்றைக்கே பார்த்து, அந்த எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள்.

நீட்டிப்புக் கெடு முடிவது 2026 அக்டோபர் 13. அந்த வருடத் தீபாவளி நவம்பர் 8. சிவகாசியில் மறுபடியும் காலண்டர் வேலை சூடுபிடிக்கும் நேரத்தில்தான் அந்தக் கெடு வருகிறது. ஆடிட்டர்களுக்கும் தணிக்கை அறிக்கைக் காலம் அதை ஒட்டியே இருக்கும். எனவே அண்ணாச்சி சொன்ன தை மாதம்தான் கணக்குச் சரி. வேலை ஓய்ந்திருக்கும் ஒரு வாரத்தில் டிசைன் கணினியை முதலில் ஏற்றி, பங்குனிக்குள் பில்லிங்கைப் பிரித்துவிட்டால், அடுத்த ஆல்பம் வரும் ஆடிக்கு முன்னால் எல்லாம் பழகிவிடும்.